நான் எழுதிய நாலு புள்ளி எட்டு

முரளிக்கு,

உன் வீட்டுக்கு எதிரே இருக்கும் சின்னக் காபிக் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். லொங்குய்யில் எனக்கு வேறு எந்த வேலையும் இல்லை. நம் லாசால் வீட்டிலிருந்து பஸ், அப்புறம் மெட்ரோ, அப்புறம் மஞ்சள் லைன் என்று மாறி மாறி வந்தேன். நீ தொழிற்சாலையிலிருந்து மூன்றரைக்குத்தான் திரும்புவாய் என்று தெரிந்தும் உன் வாசல் மணியை இரண்டு தடவை அடித்தேன். அடித்துவிட்டு, நல்லவேளை ஆள் இல்லை என்று பெருமூச்சு விட்டேன். இப்போது மணி ஒன்று பத்து. நீ வருவதற்குள் எழுதி முடித்து உன் தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டும். தபாலில் அனுப்ப நேரமில்லை. ஒட்டாவாவில் அடுத்த வாரம் நடக்கும் ஃபுட்பால் குழுத் தேர்வுக்கு வருகிறாயா இல்லையா என்று இன்று ஐந்து மணிக்குள் நீ அந்தக் குழுவுக்குப் போன் செய்ய வேண்டும். வரவில்லை என்று சொல்லப்போவதாக என்னிடம் சொல்லிவிட்டாய். ஏன் என்றும் சொன்னாய். அந்தக் காரணம்தான் எட்டு நாளாக என்னை ஒரு இடத்தில் உட்காரவிடாமல் அடிக்கிறது.

போன வாரம் வியாழக்கிழமை நீ போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பார்க்கில் விளையாடுகிற உங்கள் கும்பலை எவனோ ஒரு பயிற்சியாளர் பார்த்தானாம், உன்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஒட்டாவாவுக்கு வா என்றானாம். "போறியா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "எதுக்குப்பா? நான் நாலு புள்ளி எட்டு. ஸ்டாப்வாட்ச் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க." நான் ஏதோ முனகிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். வந்து, பனிக்கால டயரை எப்போது கழற்றப்போகிறாய் என்று கேட்டேன், ஏப்ரலிலும் ஒரு பனி விழும் என்று எச்சரித்தேன், உன் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன், எழுந்து போய்விட்டேன். வகுப்பில் இருநூறு பேருக்கு முன்னால் வாய் ஓயாமல் பேசுகிறவன், சொந்தப் பிள்ளைக்கு முன்னால் குழாயைப் பற்றிப் பேசினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ நாலு புள்ளி எட்டு இல்லை. நாலு புள்ளி ஏழு. எட்டு என்று எழுதியது நான்.

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். கடைக்காரப் பெண் வந்து மறுபடி காபி ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே காபியைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். பதினோரு வருஷமாகியும் என் பிரெஞ்சு "மெர்சி"யைத் தாண்டவில்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு இது புரியும். எழுபத்தொன்றில் ரேமோன் என்ற ஆள் யுனிவர்சிட்டியில் எங்கள் கணக்கு டிபார்ட்மென்டுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கலாம். இந்த ஊர்த் தொழில்முறை ஃபுட்பால் குழு ஒன்றுக்குக் கல்லூரிப் பையன்களைத் தேடிப் பிடித்துத் தருவது அவன் வேலை. அவனிடம் பெட்டி நிறையக் காகிதம். எந்தப் பையன் நாற்பது கஜத்தை எத்தனை விநாடியில் ஓடினான், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் குதித்தான், எவ்வளவு எடை தூக்கினான், அவன் சொந்த எடை என்ன. குறிப்பாக ரன்னிங் பேக்குகளைப் பற்றித்தான் அவனுக்குக் கவலை. பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, சுவர் மாதிரி நிற்கிற தடியர்களுக்கு நடுவில் புகுந்து ஓட வேண்டியவன் அல்லவா? கல்லூரியில் நன்றாக ஓடினவன் சம்பளத்துக்கு ஆடுகிற இடத்தில் நிலைப்பானா என்று இந்தக் காகிதத்தை வைத்துச் சொல்ல முடியுமா என்று கேட்டான். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இந்த ஆட்டத்தை விளக்கியது ஒரு கூத்து. சடுகுடு மாதிரிதான், கையில் பந்து இருக்கும், மூச்சுப் பிடிக்க வேண்டாம் என்றேன். "அப்ப எதுக்கு ஹெல்மெட்?" என்று கேட்டாள்.

ரேமோனிடம் முடியும் என்று சொன்னேன். பஞ்ச் கார்டு கட்டுக்கட்டாக அடித்து, பழைய பையன்களின் எண்களையும் அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதையும் கம்ப்யூட்டரில் போட்டு, ஒரு சூத்திரம் செய்தேன். அதோடு ஒரு கட்-ஆஃபும் வைத்தேன். நாற்பது கஜத்துக்கு நாலு புள்ளி ஏழு விநாடி. அதற்கு மேல் போனால் அந்தப் பெயரைப் பார்க்கவே வேண்டாம். எனக்கு அதில் எத்தனை பெருமை தெரியுமா? நம் ஊரில் லட்சம் பேரை ஒரே பரீட்சையில் அமுக்கி, ஒரே கோடு போட்டு, மேலே நிற்கிறவன் எஞ்சினியர், கீழே நிற்கிறவன் வேறு ஏதோ என்று பிரித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே நின்றதால்தான் நான் கப்பல் ஏறினேன். கோட்டை நம்பாமல் நான் வேறு எதை நம்புவேன்? ஆளைப் பார்க்க வேண்டாம், காகிதத்தைக் கொடு என்று ரேமோனிடம் சொன்னேன். அவனும் பயபக்தியோடு கொடுத்தான்.

முதல் அடி அடுத்த வருஷமே விழுந்தது. என் பட்டியலில் முதலில் நின்றவன் மேற்கிலிருந்து வந்த ஒரு பையன். எண்கள் அத்தனை அழகு, நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். பயிற்சி முகாமில் முதல் வாரம் பந்தைக் கொடுத்தார்கள். நேராகப் போய்த் தன் ஆட்களின் முதுகிலேயே மோதினான். மறுநாளும் மோதினான். யாரும் இல்லாத மைதானத்தில் ஓடத் தெரிந்தவனுக்கு ஆட்கள் நிற்கிற மைதானத்தில் ஓடத் தெரியவில்லை. அதே பட்டியலில் கோட்டுக்குக் கீழே நான் தள்ளிய ஒரு குள்ளப் பையனை வேறு குழு எடுத்துக்கொண்டது. அவன் இன்றும் ஆடுகிறான். ரேமோன் என்னைக் கேட்டபோது "விதிவிலக்கு" என்றேன். எங்கள் தொழிலில் இது வசதியான சொல். தப்பு நம்முடையதாக இருந்தாலும் அடுத்தவன் தலையில் போட்டுவிடலாம்.

இத்தனைக்கும் அந்தக் காகிதத்தில் இல்லாத ஒன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உனக்குப் பதின்மூன்று வயது. பெர்ரி மெட்ரோ ஸ்டேஷனில் சாயங்கால நெரிசல். ஆபீஸ் விட்ட கூட்டம் மொத்தமும் எதிரே வருகிறது. அம்மா கையில் காய்கறிப் பை, ரயில் வந்து நின்றுவிட்டது. நீ பையைப் பிடுங்கிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் போனாய். ஒருத்தர் மேலும் உன் தோள் படவில்லை. நாங்கள் நாலு பேரிடம் "பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் நீ கதவில் காலை வைத்துக்கொண்டு நின்றாய். ரயிலில் ஏறியதும் உன்னைத் திட்டினேன். "என்னடா இப்படி ஓடறே? யாராவது விழுந்தா?" என்றேன். "ஓடலப்பா. வழி இருந்துச்சு" என்றாய். எனக்கு அங்கே வழியே தெரியவில்லை. நீ மட்டும் எதைப் பார்த்தாய் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டேன்.

மணி ஒன்று ஐம்பது. இரண்டு பக்கம் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இப்போது அந்த நாள். இரண்டு வருஷத்துக்கு முந்திய வசந்தம், ஆனால் வெளியே பனி அழுக்காகக் கிடந்தது, அதனால் உள்ளரங்கில் தேர்வு. ரேமோனின் குழுவுக்காக முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிப் பையன்கள். பெயர்ப் பட்டியலில் உன் பெயரைப் பார்த்ததும் ரேமோனிடம் சொன்னேன், இவன் என் மகன், நான் விலகிக்கொள்கிறேன் என்று. அவன் தோளைக் குலுக்கினான். "நீங்கள் கணக்குக்காரர்தானே புரொபசர், உங்களுக்கு மகன் என்ன, அடுத்தவன் என்ன?" என்றான். அந்தப் பாராட்டில் நான் மயங்கிவிட்டேன். ஓட்டப் பாதையின் முடிவில் மூன்று பேர் ஸ்டாப்வாட்சோடு நின்றோம். ரேமோன், நான், எங்கள் ஆய்வகத்தில் வேலை செய்த யாழ்ப்பாணத்துச் சிவநாதன். மூன்று நேரத்தில் நடுவில் இருப்பதை எடுக்க வேண்டும் என்பது விதி. அதை வைத்தவனும் நான்தான். நீ ஓடினாய். சிவநாதன் வாட்சில் நாலு புள்ளி ஆறு. என்னுடையதில் ஏழு. ரேமோனுடையதில் எட்டு. மற்ற எல்லாப் பையன்களுக்கும் நடு எண்ணை எழுதின கை, உனக்கு எட்டு எழுதியது.

சிவநாதன் பார்த்துவிட்டார். ரேமோன் அடுத்த பையனைக் கூப்பிடப் போயிருந்தான். "என்ன ஐசே எழுதுறீர்? நடுவிலை ஏழெல்லோ வந்தது. நான் கண்டனான்" என்றார். "ஓடினது என் பையனாச்சே, சிவநாதன். நாளைக்கு ஒருத்தன் வாய் திறந்து, அப்பா வாட்ச் பிடிச்சார் பிள்ளை தேறிட்டான்னு சொல்லக் கூடாது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அதுக்காகப் பெடியன்ர வாழ்க்கையிலயோ கை வைக்கிறது? ஆரும் கதைச்சா கதைக்கட்டும்" என்றார். நான் காகிதத்தை மடித்துவிட்டேன். நீ சுவரோரம் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து, "எவ்வளவுப்பா?" என்று கேட்டாய். "நாலு புள்ளி எட்டு." நீ குனிந்து மற்ற ஷூவின் லேஸையும் அவிழ்த்தாய். "அப்ப சரி" என்றாய். இன்னொரு தடவை ஓடுகிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. சொன்னது நான் என்பதால் கேட்கவில்லை.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும், சாக்குக்காக அல்ல. திருச்சியில் என் அப்பா கணக்கு வாத்தியார், இரண்டு வருஷம் நான் அவர் வகுப்பிலேயே உட்கார்ந்தேன். விடைத்தாளில் என் பெயரைப் பார்த்ததும் அவர் ஐந்து மார்க் குறைத்துத்தான் ஆரம்பிப்பார். சரியான விடைக்கும் "கையெழுத்து சுமார்" என்று ஏதாவது எழுதி ஒன்றைப் பிடுங்குவார். வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் இந்தக் கதை இருக்கும். ஒரு வருஷம் இரண்டு மார்க்கில் முதல் ரேங்க் போயிற்று. அவரிடம் கேட்டேன். "வாத்தியார் பிள்ளைன்னா அப்படித்தான்டா. ஊர் என்ன சொல்லும்?" என்றார். ஊரும் அவரை மெச்சியது, என்ன நேர்மை என்று தெருத்தெருவாகச் சொன்னது. நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். என் பிள்ளைக்கு இதைச் செய்யவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. ஐம்பதில் அதைவிட மோசமாகச் செய்தேன். அவர் பறித்தது ஒரு ரேங்க். நான் உன்னிடமிருந்து பறித்தது இரண்டு வருஷம், அதுவும் கால் ஓடுகிற வயதில்.

இதோடு நிறுத்தினால் நான் நேர்மை அதிகமாகிக் கெட்டவன் மாதிரி ஆகிவிடும். அதுவும் பொய். எட்டு என்று எழுதினபோது அது கோட்டுக்குக் கீழே போகும் என்று எனக்குத் தெரியும். பட்டியல் போன மறுநாள் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இனிமேல் இவன் டிகிரியை முடிப்பான், முட்டியை உடைத்துக்கொள்ள மாட்டான், நம் ஊர்க்காரர்கள் கூடும் இடத்தில் "பையன் என்ன பண்றான்?" என்று யாராவது கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். நீ விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்தபோது எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தேன். நேர்மைக்காக எழுதினேனா, என் வசதிக்காக எழுதினேனா என்று இந்த எட்டு நாளாகப் பிரித்துப் பார்க்கிறேன். பிரியவில்லை. இரண்டும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன.

புதன்கிழமை அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன், உன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சாமிக்கு வேண்டிக்கொண்டவள் அல்லவா. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "அவன் ஆட வேண்டாம்னு நானும்தாங்க சொன்னேன். அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அவனும் எங்கூட சண்டை போட்டான். நீங்க ஏங்க பேனாவால சொன்னீங்க?" என்று கேட்டாள். அப்புறம் இன்று காலை வரை என்னோடு பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் வாசலில் வந்து, "மறுபடியும் டயரைப் பத்திப் பேசிட்டு வந்துடாதீங்க" என்றாள்.

நேற்று ரேமோனுக்கும் போன் செய்து ஒப்புக்கொண்டேன். அவன் இப்போது அந்த வேலையில் இல்லை. "இரண்டு வருஷம் தாமதம், புரொபசர்" என்றான். அவனால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அன்றைய தாள் என்னிடம் இருந்தது. மூன்று வாட்சின் எண்களும் அதில் பென்சிலில் இருக்கின்றன, ஓரத்தில் சிவநாதன் நேற்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். என் வாய்ச்சொல்லை நீ நம்ப வேண்டாம்.

உன்னை ஏமாற்ற மறுபடி ஒரு பொய் சொல்ல மாட்டேன். ஏழு என்று எழுதியிருந்தால் நீ பெரிய ஆட்டக்காரன் ஆகியிருப்பாய் என்று நான் சொல்லவில்லை. கோட்டின் மேல் சரியாக நின்றிருப்பாய், முகாமுக்குக் கூப்பிட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அங்கே ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஒட்டாவாவிலும் அனுப்பலாம். உனக்கு இருபத்துமூன்று ஆகிறது, அங்கே வருகிறவர்கள் உன்னைவிடச் சின்னவர்கள், தினமும் பயிற்சி செய்கிறவர்கள். வேலையில் லீவு கிடைக்குமா என்பதும் தெரியாது. எல்லாம் யோசித்துப் பார்த்து நீ வேண்டாம் என்று சொன்னால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் பூங்காவில் ஆட்கள் நிற்கிற மைதானத்தில் நீ ஓடுவதைக் கண்ணால் பார்த்து ஒருத்தன் உன்னைக் கூப்பிட்டிருக்கிறான். அவன் கையில் வாட்ச் இல்லை. ஏழு வருஷம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவன் செய்ததுதான் சரி என்று படுகிறது.

அப்பா என்றால் புத்தி சொல்ல வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பற்றி யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது எப்படி வந்தது என்று கேள். மரியாதைக்காகக் கேட்காமல் இருக்காதே, முக்கியமாக என்னிடம். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வருவார்கள். சொந்தப் பிள்ளை என்பதற்காகக் கூட்டியும் போடாதே, குறைத்தும் போடாதே. கூட்டிப் போடுகிறவனைப் பார்த்து ஊர் காறித் துப்பும், அவனுக்குத் தன் தப்பு சீக்கிரம் தெரிந்துவிடும். குறைத்துப் போடுகிறவனுக்கு ஊர் மாலை போடும். அவனுக்குத் தெரிய வெகுகாலம் ஆகும். எனக்கு உன் சிரிப்பைப் போனில் கேட்கும் வரைக்கும் தெரியவில்லை.

மணி மூன்று. கடையில் மதியக் கூட்டம் போய்விட்டது. தெரு முனையில் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் நீயோ என்று எழுந்து பார்க்கிறேன். இதைப் பெட்டியில் போட்டுவிட்டு இங்கேயே வந்து உட்காரப் போகிறேன். நீ வரும்போது கண்ணில் பட மாட்டேன், நீ படிக்கும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

படித்ததும் உனக்குக் கோபம் வரும். நேராக இறங்கி வந்து என் சட்டையைப் பிடிக்கத் தோன்றும். அந்தக் கோபத்தில் ஐந்து மணி தாண்டிவிடும், அதுதான் எனக்குப் பயம். முதலில் ஒட்டாவாவுக்குப் போன் செய். வருகிறேன் என்று சொல், வரவில்லை என்று சொல், எதைச் சொன்னாலும் நாலு புள்ளி ஏழில் ஓடியவனாகச் சொல். அதன் பிறகு கீழே இறங்கி வந்து என்னைத் திட்டு. எத்தனை நேரமானாலும் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா